பல்லும் சொல்லும்: பெங்களூருப் பல் மருத்துவத்தில் மொழித்தடையின் வரலாறு

'பல் போனால் சொல் போச்சு' என்பது தமிழ்ப் பழமொழி. எழுத்தொலிகளின் பிறப்பிடங்களுள் ஒன்றாகப் பல்லைத் தொல்காப்பியப் பிறப்பியல் எண்ணியிருத்தலை அறிந்தவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். இதன் மறுதலையும் உண்மையே. சொல் உரியவாறு சென்று சேராவிடத்துப் பல்லும் போகிறது. நோயாளர் ஒன்றைச் சொல்ல, மருத்துவர் அதனை வேறொன்றாகக் கொள்ள, அடைத்துக் காத்திருக்கக்கூடிய பல் பிடுங்கப்படலாம். உடனே மருத்துவம் வேண்டிய பல், வலிமாத்திரையோடு வீடு திரும்பலாம்.

இத்தடை பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கலைச்சொற் குறைபாட்டையே காரணமாகக் காட்டுவர். தாய்மொழியில் மருத்துவக் கலைச்சொற்கள் பெருகினால் மருத்துவரும் நோயாளரும் நெருங்கிவிடுவர் என்பது அவர்தம் கருத்து. இக்கட்டுரை அக்கருத்தோடு முழுதும் உடன்படவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் மருத்துவ மொழிபெயர்ப்பு முயற்சிகள் நூலிலிருந்து நோயாளரை நோக்கியே நடந்துவந்துள்ளன. நோயாளரின் சொல் மருத்துவரை நோக்கிச் செல்லும் எதிர்வழி, மொழிபெயர்ப்பாளரின் கவனத்தை அந்த அளவிற்குப் பெறவில்லை. அக்குறை மிகத் தெளிவாகத் தெரியும் இடம் பெங்களூரு. தமிழும் கன்னடமும் உடன்பிறந்த மொழிகளாக இருந்தும், ஓரளவிற்கு அவ்வாறு இருப்பதனாலேயே, அங்கு இடர் மிகுகிறது.

தண்டும் பேட்டையும்

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் சீரங்கப்பட்டணத்தில் தங்கிய ஆங்கிலப் படை, அங்கு நிலவிய காய்ச்சலுக்கு அஞ்சி, 1809இல் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. அவ்வாறு எழுந்த படைக்குடியிருப்பைக் கன்னடர் 'தண்டு' என்றனர். படையைத் தொடர்ந்து உணவு வழங்குவோர், கட்டடத் தொழிலாளர், வணிகர், வீட்டுப் பணியாளர் எனத் தமிழர் பெருந்தொகையினராக வந்து அலசூரிலும் இன்று சிவாஜி நகர் எனப்படும் பகுதியிலும் குடியேறினர். பழைய நகரமாகிய பேட்டையிலோ கன்னடம் முதன்மை பெற்றிருந்தது. தெலுங்கும் மராத்தியும் தக்கணி உருதுவும் உடன் வழங்கின. 1881இல் மைசூர் அரசு உடையார் மரபினரிடம் மீண்டும் ஒப்படைக்கப்பட்ட பின்னரும் தண்டுப் பகுதி ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நீடித்தது. 1947இல்தான் அது மைசூரிடம் திரும்பியது. இரு நகராட்சிகளும் 1949இல் ஒரே மாநகராட்சியாயின.

இவ்வரலாறு ஈண்டு வேண்டப்படுவதற்குக் காரணம் உண்டு. இரு நகரங்களும் தத்தமக்கெனத் தனி மருத்துவமனைகளைக் கொண்டிருந்தன. தண்டுப் பகுதியில் பௌரிங் மருத்துவமனை 1860களில் தோன்றியது. பேட்டையின் பக்கம் விக்டோரியா மருத்துவமனை 1900இல் திறக்கப்பட்டது. முன்னதன் சுற்றுப்புறத்தில் தமிழும் உருதுவும், பின்னதன் சுற்றுப்புறத்தில் கன்னடமும் தெலுங்கும் மிகுதி. அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 1958இல் நிறுவப்பட்டபோது அது பேட்டையின் பக்கமே அமைந்தது. நகர் ஒன்றாகி ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. அங்குத் திரண்ட நோயாளரோ எல்லா மொழியினரும் ஆவர்.

பல் மருத்துவக் கல்வி இந்தியாவில் தொடக்கம் முதலே ஆங்கிலவழிக் கல்வியாகும். கல்கத்தாவில் ஆர். அகமது 1920இல் நிறுவிய முதற் கல்லூரி அவ்வழியையே வகுத்தது. அதற்கு முன் பல் பிடுங்குதல் நாவிதர்க்கும் நாட்டு மருத்துவர்க்கும் உரிய தொழிலாக இருந்தது. 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் தொழில் செய்வோரைப் பதிவேட்டில் இரு பகுதியினராகப் பிரித்தது. பட்டம் பெற்றோர் 'ஏ' பகுதியிலும், பட்டமின்றி அதற்கு முன்பே தொழில் நடத்திவந்தோர் 'பி' பகுதியிலும் சேர்ந்தனர். பொதுநலம் கருதிச் செய்யப்பட்ட இப்பிரிவினை மொழி நிலையிலும் ஒரு கோடு கிழித்தது எனலாம். படிக்காத மருத்துவர் நோயாளரின் மொழியில் பேசினார். படித்த மருத்துவர் தாம் கற்ற மொழியில் சிந்தித்தார். கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டை அடுத்த நடைபாதைகளில் செயற்கைப் பல் செய்து பொருத்துவோர் அண்மைக் காலம் வரை காணப்பட்டனர். ஏழையர் அவர்களை நாடியதற்குக் குறைந்த கட்டணமே முதற்காரணம். எனினும் அங்கு எவரும் படிவம் நீட்டுவதில்லை, புரியாத சொல்லைச் சொல்லுவதில்லை என்பதும் ஒரு காரணமாதல் கூடும்.

புழு, பூச்சி, கிருமி

பல்லைப் பற்றிய சொற்களுள் மிகப் பழைய தடையைத் தன்னுள் கொண்டது 'கிருமி' என்பதாகும்.

பல்லைப் புழு அரிக்கிறது என்னும் நம்பிக்கை பாபிலோனியக் களிமண் ஏடுகளிலேயே காணப்படுவது. சுசுருத சங்கிதை பல் நோய்களுள் ஒன்றனைக் 'கிருமிதந்தம்' என்கிறது. வடமொழியில் கிருமி என்பது புழு. கன்னடத்தில் சொத்தைப் பல் 'ஹுளுகு ஹல்லு' எனப்படும். 'ஹுளு' என்பது தமிழ்ப் 'புழு'வின் கன்னட வடிவமே. தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் 'பல்லில் பூச்சி விழுந்திருக்கிறது' என்பர். மூன்று வழக்குகளும் ஒரே கருத்தின் மூன்று உருவங்கள்.

பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட நூலில், உருப்பெருக்கி கொண்டு நோக்கியும் தாம் பல்லில் புழுவைக் காணவில்லை என்ற கருத்தை வெளியிட்டார். 1890இல் டபிள்யூ. டி. மில்லர் வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று விளக்கினார். இதற்குப் பின் தமிழில் நிகழ்ந்தது மொழியியலார் நோக்கத்தக்கது. நுண்ணுயிரைக் குறிக்கப் பழைய 'கிருமி' என்னும் சொல்லே எடுத்தாளப்பட்டது. பொருள் மாறியது, சொல் மாறவில்லை. ஆகவே இன்று மருத்துவர் 'பல்லில் கிருமி இருக்கிறது' என்று சொன்னால் அவர் கருதுவது மில்லரின் நுண்ணுயிர். நோயாளர் கொள்வது பாபிலோனின் புழு. இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டதாகவே எண்ணிப் பிரிவர்.

விளைவு சிறிதன்று. பூச்சி ஓர் உயிர். அதனைக் கொன்றாலோ வெளியேற்றினாலோ நோய் தீரவேண்டும். கண்டங்கத்தரி விதையை நெருப்பிலிட்டு அதன் புகையை வாயில் பிடிக்கும் பழைய வழக்கம் இக்கருத்தையே அடியாகக் கொண்டது. ஐரோப்பாவில் குரோசாணி ஓம விதையைப் புகைத்தபோது வெடித்து வெளிப்பட்ட விதைமுளைகளைப் புழு என்று காட்டி ஏமாற்றினர் என்பதும் பதிவாகியுள்ளது. 'பூச்சி' எடுக்கப்பட்டுவிட்டதாக நம்பும் ஒருவரிடம் இனிப்பைக் குறைக்கவும் குழியை அடைக்கவும் சொல்லுவது எடுபடாது. கலைச்சொல் இல்லாமையால் வந்த தடையன்று இது. கலைச்சொல் இருந்தமையால் வந்த தடை.

கிறீனின் வழி

மருத்துவரும் நோயாளரும் ஒரு மொழியில் பேசவேண்டும் என்பதை அரிய விடாமுயற்சியோடு செய்துகாட்டியவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1822இல் பிறந்த இவர், 1847இல் இலங்கை வந்து யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவ வகுப்பும் நடத்தினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்தில் பயின்றோர் சம்பளப் பணியை நாடி ஊரைவிட்டு நீங்குவதைக் கண்டு, 1864 முதல் தமிழ்வழிக்கு மாறினார். மாணாக்கரையும் உடன்கொண்டு நூல்களை மொழிபெயர்த்தார். 'இரண வைத்தியம்' 1867இலும், கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், 'மனுஷ சுகரணம்' 1883இலும் வெளிவந்தன. தமிழ்ச் சொல்லைத் தேடுதல், கிடைக்காவிடத்து வடசொல்லைக் கொள்ளுதல், அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்தல் என்பது அவர்தம் நெறி. வேதியியல் நூல் 'கெமிஸ்தம்' ஆனது அவ்வாறே. கிறீனின் பணியை விரிவாக ஆராய்ந்து தமிழுலகுக்கு அறிவித்தவர் கவிஞர் அம்பி.

அங்காதிபாதம், சுகரணம் போன்ற சொற்கள் இன்று வழக்கில் இல்லை. கிறீன் 1873இல் தாயகம் திரும்பி 1884இல் மறைந்தபின், தமிழ்வழிக் கல்வியும் நெடுநாள் நிலைக்கவில்லை. இதனைக் கலைச்சொல்லாக்கத்தின் தோல்வியாகக் காட்டுவோர் உளர். அது பொருந்தாது. அச்சொற்களைக் கற்பித்த நிறுவனம் போனமையால் சொற்கள் போயின.

நம் பொருளுக்கு வேண்டுவது வேறொன்று. கிறீனின் வகுப்பில் எதிர்வழித் தடை எழவே இல்லை. அவர்தம் மாணாக்கர் யாழ்ப்பாணத்தவர், நோயாளரும் யாழ்ப்பாணத்தவர். யாழ்ப்பாணத்தில் பல்வலி 'பல்லுக்கொதி' எனப்படும். ஈறு 'முரசு' எனப்படும். தமிழ்நாட்டு மருத்துவர் ஒருவர் 'முரசு வீங்கிவிட்டது' என்பதைக் கேட்டால் ஒரு கணம் திகைப்பார். கிறீனின் மாணாக்கர் திகைத்திருக்க மாட்டார். அவை அவர்தம் தாய் பேசிய சொற்கள். நூலறிவு தமிழில் வந்தது. நோயாளரின் தமிழ் முன்பே வீட்டில் கிடைத்திருந்தது. இரண்டும் ஒருவரிடமே கூடியமையால் வழி முழுமையாயிற்று. ஒரே வழக்கு பேசும் சமுதாயத்தில் மட்டுமே இயலும் தீர்வு இது. பெங்களூரு அதற்கு நேர்மாறு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அந்நகரில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பாதிக்கும் குறைவு. பல் மருத்துவம் பயில வருவோரோ கேரளம் முதல் வடகிழக்கு மாநிலங்கள் வரை பல பகுதியினர். ஓரளவு கன்னடம் கற்ற மலையாள மாணவி ஒருத்தி, ஓரளவு கன்னடம் அறிந்த தமிழ் மூதாட்டியிடம் நோய்க்குறி கேட்பது அங்கு இயல்பான காட்சி. இருவருக்கும் சொந்தமல்லாத மொழியில் நோய் பேசப்படுகிறது.

நோவின் வினைச்சொற்கள்

ரோன்ட்கன் ஊடுகதிரை 1895இல் கண்டறியும் வரை பல் மருத்துவர்க்குக் கண்ணும் கையும் நோயாளரின் சொல்லுமே கருவிகள். இன்று படமெடுக்கும் வசதி பெருகியுள்ளது. எனினும் பல்லின் உட்கூழ் அழற்சி தொடக்க நிலையில் படத்தில் தெரிவதில்லை. குளிர்ச்சி படும்போது மட்டும் சுருக்கென்று வலித்து, அது நீங்கியதும் வலியும் நீங்கினால், உட்கூழ் பெரும்பாலும் மீளக்கூடிய நிலையில் உள்ளது. குழியை அடைத்தாலே போதும். குளிர்ச்சி நீங்கிய பின்னும் வலி நெடுநேரம் நின்றாலோ, தூண்டுதலின்றித் தானே எழுந்து இரவில் உறக்கத்தைக் கெடுத்தாலோ, உட்கூழ் மீளாது; வேர்ச் சிகிச்சை செய்யவேண்டும், அல்லது பல்லை எடுக்கவேண்டும். நாடித்துடிப்புப் போலத் தெறித்து, கடித்தால் தாங்கமுடியாது போனால், வேர்நுனியில் சீழ் கட்டியிருக்கலாம். மருத்துவர் குளிர்ச்சி காட்டியும் தட்டியும் சோதிப்பார் எனினும், எந்தப் பல்லை, எதற்காகச் சோதிப்பது என்பதனை நோயாளரின் சொல்லே முதலில் காட்டுகிறது.

இவ்வேறுபாடுகளுக்குத் தமிழில் சொல் இல்லையா? மிகுதியாக உண்டு. பல் கூசுகிறது, கடுக்கிறது, குடைகிறது, குத்துகிறது, தெறிக்கிறது. சுருக்கென்கிறது, சுரீரென்கிறது, விண்விண்ணென்கிறது. இவை பெயர்ச்சொற்கள் அல்ல என்பது நோக்கத்தக்கது. பெரும்பாலானவை வினைகளும், இலக்கணிகள் குறிப்புமொழி என்றும் இரட்டைக்கிளவி என்றும் பிரித்துக் கூறும் ஒலிக்குறிப்புகளும் ஆகும். கலைச்சொல் தொகுப்போரோ பெயர்ச்சொற்களையே தேடுவர். ஆங்கிலப் பெயருக்குத் தமிழ்ப் பெயர் காண்பதே அவர்தம் முறை. எனவே மருத்துவ அகராதிகளில் 'பல்வலி' இடம்பெறும், 'விண்விண்' இடம்பெறாது. மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாநிரல், ஆங்கிலத்தில் வலியைக் குறிக்கும் 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்தது. அது அடிப்படையில் ஓர் அகராதிப் பணியே. ஆயின் அதனை அப்படியே மொழிபெயர்த்தால், வலியைப் பண்பால் உணர்த்தும் மொழியின் அடைகள் கிடைக்கும். வலியை ஒலியால் உணர்த்தும் மொழியின் உயிர்நிலை கிடைக்காது.

'கூச்சம்' என்னும் சொல்லைச் சற்றே நின்று நோக்கலாம். நாணம், தொட்டால் சிலிர்க்கும் உணர்ச்சி, ஒளிபட்டுக் கண் சுருங்குதல், குளிர்ச்சியும் புளிப்பும் பல்லிற் படும் உணர்வு ஆகிய எல்லாம் அதனுள் அடங்கும். சுசுருதர் இந்நோய்க்கு இட்ட பெயர் 'தந்தஹர்ஷம்'. ஹர்ஷம் என்பது மயிர்க்கூச்சும் மகிழ்ச்சியும். இரு மொழியும் மனவுணர்வின் சொல்லைப் பல்லுக்கு வழங்கியுள்ளன. கன்னடத்தாரோ ஒலிக்குறிப்பால் 'ஜும் அன்னுத்தெ' என்பர். தமிழ் நோயாளர் 'கூச்சமா இருக்கு' என்றால், அகராதிப் பொருளை மட்டும் அறிந்த பிறமொழி மாணவர் அவர் வாய் திறக்க நாணுவதாகக் கொள்ளுதலும் கூடும். இஃது எடுத்துக்காட்டிற்காகக் கூறியதேயன்றி வேடிக்கைக்காக அன்று.

உறவுமொழியின் ஏமாற்றம்

பழங்கன்னடச் சொல்முதற் பகரம் ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டு முதல் படிப்படியாக ஹகரமாயிற்று. பல் 'ஹல்லு' ஆனது. புண் 'ஹுண்ணு' ஆனது. புகை 'ஹொகெ' ஆனது. இவ்விதியை ஒருமுறை உணர்ந்த தமிழர்க்குக் கன்னடத்தில் பாதி திறந்துவிடும். சீழுக்குக் 'கீவு', தாடைக்குத் 'தவடெ' என்பனவும் எளிதில் பிடிபடுவன. தமிழிலும் 'தவடை' உண்டு. வலிக்கு வழங்கும் 'நோவு' நம் பழைய இலக்கியச் சொல்லே. யாழ்ப்பாணத்தார்க்கு இன்றும் அன்றாடச் சொல். பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியைப் புரட்டுவோர்க்கு இவ்வுறவு மகிழ்ச்சி தருவது.

பல் மருத்துவரின் நாற்காலியில் அமர்ந்தவர்க்கு அம்மகிழ்ச்சி எப்போதும் கிட்டுவதில்லை. 'ஹல்லு கீளபேகு' என்று மருத்துவர் சொல்லுகிறார். 'கீளு' என்பது கன்னடத்தில் பிடுங்குதல். பல்லைப் பிடுங்கவேண்டும் என்பதே பொருள். ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் தமிழர் காதில் அது 'கீழ்' என்று விழும். கீழ்ப்பல்லைப் பற்றி ஏதோ சொல்லுகிறார் என்று அவர் தலையசைப்பார். 'உரி' என்பது கன்னடத்தில் எரிச்சல். தமிழருக்குத் தோலுரித்தல் நினைவுக்கு வரும். தமிழர் 'துப்பட்டுமா?' என்று கேட்டால், கன்னடர்க்கு முதலில் தோன்றுவது 'துப்ப', அதாவது நெய். அவர்கள் உமிழ்வதற்குச் சொல்லுவது 'உகுளு'. முற்றிலும் அயலான மொழியாயின் நோயாளர் 'புரியவில்லை' என்பார். உறவுமொழியில் பாதி புரிவதால் முழுதும் புரிந்ததாக இருவரும் நம்புகின்றனர். கேட்கப்படாத வினாவே இங்குப் பெரிய இடர்.

மற்றொன்று இத்துறைக்கே உரியது. பிற மருத்துவரிடம் நோயாளர் இடையிட்டுப் பேசலாம். பல் மருத்துவரிடம் வாய் திறந்திருக்கும். ஆயின் பேச்சு இல்லை. ஊங்கொட்டுதலும் கைவிரலை உயர்த்துதலுமே அவர்க்கு எஞ்சும் மொழி. ஆகவே சொல்லவேண்டியவை எல்லாம் கருவி வாய்க்குள் நுழையும் முன்பே சொல்லப்படல் வேண்டும்.

நரம்பும் மயக்கமும் 'சரி'யும்

சமிரா கோலி வழக்கில் 2008ஆம் ஆண்டு சனவரியில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, நோயாளரின் ஒப்புதல் உண்மையானதாகவும், சிகிச்சையின் தன்மை, மாற்றுவழி, இடர் ஆகியவற்றைப் போதிய அளவு அறிந்து தருவதாகவும் இருத்தல் வேண்டும் என்றது. ஒப்புதலுக்குத் தமிழரும் கன்னடரும் வழங்கும் சொல் ஒன்றே: 'சரி'. அச்சொல் உடன்பாட்டையும் குறிக்கும். 'கேட்டுக்கொண்டேன், மேலே சொல்லுங்கள்' என்பதையும் குறிக்கும். பெரியவரை மறுத்துப் பேசலாகாது என்னும் பணிவையும் குறிக்கும். எழுத்தில் இம்மூன்றும் ஒன்றே. குரலின் ஏற்ற இறக்கத்தில்தான் வேறுபாடு.

எதற்கு அவர் சரி சொல்லுகிறார்? வேர்ச் சிகிச்சையை மருத்துவர் எளிமை கருதி 'பல்லின் நரம்பை எடுத்துவிடுதல்' என்பது வழக்கம். தமிழில் நரம்பு என்பது உணர்ச்சி நரம்பு, குருதிக்குழாய், தசைநாண் ஆகிய மூன்றுக்கும் பொது. கன்னட 'நர'வும் அவ்வாறே. மேல்வாய்ப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை குன்றும் என்னும் அச்சம் நம் மக்களிடையே பரவலானது. அவ்வச்சமுடைய ஒருவர், பல்லிலிருந்து கண்ணுக்கு ஓடுவதாக எண்ணிய அந்த நரம்பையே மருத்துவர் எடுக்கப்போவதாகக் கேட்கிறார். 'சரிங்க' என்று சொல்லி எழுந்து போகிறார், மறுமுறை வருவதில்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் அவர் சிகிச்சையை இடையில் நிறுத்தியவர். அவர் காரணம் பதிவாவதில்லை.

மரத்துப்போகும் ஊசியை 'மயக்க ஊசி' என்று சொல்லுவதும் இத்தகையதே. மயக்கம் என்பது தன்னினைவு இழத்தல். கூலிவேலைக்குத் திரும்பவேண்டியவர், துணையின்றி வந்த பெண் ஆகியோர் இச்சொல்லுக்கே அஞ்சி மறுப்பர். 'மரப்பு ஊசி' என்றால் அச்சம் பெரிதும் நீங்கும். கன்னடத்திலும் 'மரகட்டு' என்னும் இணையான சொல் இருக்கிறது. நல்ல சொல் இரு மொழியிலும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, தவறான சொல் வழங்குவதற்குக் காரணம், ஆங்கிலச் சொல்லுக்குப் பொதுவாக ஒரே நிகரனை எழுதும் அகராதிப் பழக்கமே என்று தோன்றுகிறது.

வெற்றிலை 'போடுதல்'

உயிரோடு தொடர்புடையது வாய்ப்புற்று. அதனை முதலில் காணும் வாய்ப்புப் பெரும்பாலும் பல் மருத்துவர்க்கே. நோயாளர் விவரத்தாளில் 'பழக்கங்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. அதனை நிரப்ப மாணவர் கேட்பது: 'கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?' மூதாட்டி 'இல்லை' என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. வெற்றிலைப் பாக்கு அவர்க்குக் கெட்ட பழக்கமன்று. விருந்தினர்க்கு வழங்குவது, தாம்பூலத் தட்டில் மங்கலமாக வைப்பது. 'புகையிலை உண்டா?' என்றால் பலர்க்குப் புகைத்தல் நினைவுக்கு வரும். 'மெல்லுவதுண்டா, தின்பதுண்டா?' என்றாலும் விடை தவறலாம். வெற்றிலை தின்னப்படுவதன்று, 'போடப்படுவது'. கன்னடத்திலும் 'எலெ அடிகெ ஹாகோது' என்பர். ஹாகு என்பது போடு. 'அடிகெ' நம் பழைய 'அடைக்காய்' தானே. இரு மொழியும் ஒரே வினையைத் தேர்ந்திருக்க, வினாநிரல் மட்டும் ஆங்கில வினையை மொழிபெயர்த்துக்கொண்டு நிற்கிறது.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட ஆய்வுத்தொகுதியில், புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்குவதே என்றும், பாக்குத் தனித்தே அத்தன்மையது என்றும் வகைப்படுத்தியது. ஆகவே புகையிலையை மட்டும் கேட்கும் வினா மருத்துவ நோக்கிலும் குறையுடையது. 'எத்தனை நாளா வெத்திலை போடுறீங்க? பாக்கு மட்டுமா, புகையிலையும் சேர்த்தா? வாயில அடக்கி வைப்பீங்களா? எந்தப் பக்கம்?' என்று கேட்டால் விடை வரும். 'எந்தப் பக்கம்' என்னும் வினாவிற்கு வரும் விடை, வாயில் எவ்விடத்தை முதலில் நோக்கவேண்டும் என்பதையும் காட்டும்.

இத்தகைய வினாக்களை நன்கறிந்தோர் மருத்துவமனைகளில் இல்லாமல் இல்லை. அவர்கள் ஆயாக்களும் அட்டெண்டர்களும் செவிலியரும் ஆவர். கன்னடம், தமிழ், தெலுங்கு, தக்கணி என நான்கு மொழியிலும் 'எங்கே வலிக்குது, ராத்திரியிலா?' என்று மாற்றிக் கேட்கும் திறன் அவர்களிடம் உண்டு. அவர்கள் இல்லாத வேளையில் நோயாளரின் பள்ளிக்கூடப் பிள்ளையே மொழிபெயர்ப்பாளர் ஆகிறது. பாட்டி புகையிலை போடுவதைப் பேத்தியின் வாயால் மருத்துவரிடம் சொல்லவைப்பது இருவர்க்கும் கூச்சமே. 2019 முதல் எம்.பி.பி.எஸ். மாணவர்க்கான தொடக்கப் பயிற்சியில் வட்டார மொழியும் இடம்பெறுகிறது. அதன் பாடநூல்கள் எண், கிழமை, உறவுப்பெயர் என்ற வரிசையில் தொடங்குவதைவிட, நோயாளர் வாயில் உண்மையில் வழங்கும் வினைச்சொற்களிலிருந்து தொடங்குதல் நன்று.

அதற்கு முதலில் தொகுப்பு வேண்டும். மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் கள ஆய்வில் பழகிய மொழியியலாரைப் பெற்றது. பெங்களூருவின் பல் மருத்துவக் கல்லூரிகள் நாள்தோறும் நோயாளரைப் பெறுவன. இரண்டிற்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். தொகுப்போர் செய்யவேண்டுவது, நோயாளர் நாற்காலியில் சாய்வதற்கு முன் சொல்லும் முதல் இரண்டு மூன்று வாக்கியங்களை, அவர் ஒப்புதலோடு, பெயர் நீக்கி, அவர் சொன்ன ஒலியிலேயே பதிதல். அப்போது அவர் விரல் எதைச் சுட்டியது என்பதையும் பதிதல். பின்னர் மருத்துவர் கண்டறிந்த நோயை அதனருகே எழுதுதல். 'குடையுது' என்றவர்களுள் எத்தனை பேர்க்கு உட்கூழ் மீளா நிலையில் இருந்தது, 'ஜும் அன்னுத்தெ' என்றவர்களுள் எத்தனை பேர்க்கு அடைத்தாலே போதியதாயிற்று என்பன அப்போதுதான் தெரியவரும். அலசூர்த் தமிழர் சொல்லும் 'எகிறு', யாழ்ப்பாணத்தார் 'முரசு', கன்னடர் 'ஒசடு' ஆகிய மூன்றும் ஈற்றைக் குறிக்கும் ஒரே பதிவின் கீழ் வரும். அப்பதிவில் 'ஈறு' என்னும் அகராதிச் சொல்லை எத்தனை நோயாளர் ஒருமுறையேனும் சொன்னார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.